பாஸ்-டேக் அக்ரிலமைடு: புரதத்தில் எவ்வளவு பாஸ்பேட் ஏறியிருக்கிறது என்று காட்டும் ஜெல், ஒரு மதிப்பீடு

ஒரு புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா என்று கேட்டால் பதில் சொல்லப் பல வழிகள் இருக்கின்றன. நூறு மூலக்கூறுகளில் எத்தனையில் ஏறியிருக்கிறது என்று கேட்டால் அவற்றில் பெரும்பாலானவை கைவிரித்துவிடும். பாஸ்-டேக் அக்ரிலமைடு இந்த இரண்டாவது கேள்விக்கென்றே வாங்க வேண்டிய, ஜெல்லில் கலக்கும் பொருள். புரதம் எங்கே மாறியது, எந்த நொதி மாற்றியது என்பதை அது தானாகச் சொல்லாது. அதற்குக் கூடுதல் வேலை உண்டு. ஆனால் அந்த வேலையைத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் டோரு கொய்கே, எய்ஜி கினோஷிதா ஆகியோரின் குழு உருவாக்கிய சேர்மம் இது. மூலச் சேர்மம் 2004இல் வெளியானது. அதை அக்ரிலமைடோடு இணைத்து ஜெல்லில் பயன்படுத்தும் முறை 2006இல் வந்தது. ஒரு மூலக்கூறுக்குள் இரண்டு உலோக அயனிகள் அருகருகே உட்கார்ந்திருக்கும். அவற்றின் நடுவே ஒரு வெற்றிடம். இரண்டு எதிர்மின் சுமை கொண்ட பாஸ்பேட் மோனோஎஸ்டர் அந்த இடத்தில் கச்சிதமாகப் பொருந்துகிறது. துத்தநாகம் ஏற்றிய வடிவம் ஃபீனைல் பாஸ்பேட்டோடு நடுநிலை பிஎச்சில் சேரும்போது பிரிகை மாறிலி (சிறிதானால் பிடிப்பு இறுக்கம்) 25 நானோமோலார். சாதாரண எதிர்மின் அயனிகளோடு அதன் பிடிப்பு பல்லாயிரம் மடங்கு தளர்வு.

ஐம்பதாயிரம் டால்டன் புரதத்தில் ஒரு பாஸ்பேட் ஏறினால் எடை கூடுவது 80 டால்டன்தான், அதாவது 0.16 விழுக்காடு. புரதங்களை எடைவாரியாகப் பிரிக்கும் சாதாரண எஸ்டிஎஸ் ஜெல்லில் இந்த வேறுபாடு பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. பாஸ்-டேக்கை ஜெல்லின் வலையோடு சேர்த்துப் பின்னிவிட்டால், பாஸ்பேட் உள்ள புரதம் ஓடும் வழியெங்கும் அந்த உலோக இணைகளில் ஒட்டி ஒட்டி விடுபடுகிறது. அதனால் பின்தங்குகிறது. பாஸ்பேட் இல்லாதது முன்னே போய்விடும். ஒரே லேனில், அதாவது ஒரு மாதிரி ஓடும் பாதையில், இரண்டு, மூன்று, சில சமயம் ஆறேழு பட்டைகளாகப் புரதம் விரிந்து நிற்கும். எல்லாப் பட்டைகளையும் அந்தப் புரதத்துக்கான ஒரே சாதாரண எதிர்ப்பானைக் கொண்டு பார்க்கலாம். மேலே ஏறி நிற்கும் பட்டைகளின் அடர்த்தியை மொத்த அடர்த்தியால் வகுத்தால் விகிதம் கைக்கு வந்துவிடும்.

பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் பிடிக்கும் பாஸ்போ எதிர்ப்பான் இதைத் தராது. அது புரதத்தின் ஒரு குறிப்பிட்ட அமினோ அமிலத்தை, ஒரு செரினையோ த்ரியோனினையோ மட்டும் பார்க்கும். இரண்டு மாதிரிகளுக்கு இடையே கூடியதா குறைந்ததா என்று சொல்லும். ஐந்து மடங்கு கூடியது என்பது 1 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடா, 18இலிருந்து 90ஆ என்பது அதற்குத் தெரியாது. உயிரணுவுக்கு இவை இரண்டும் வேறு வேறு செய்திகள். இன்னொரு குறையும் உண்டு. எதிர்ப்பான் பிடிக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்திலேயே வேறொரு மாற்றம் ஏறினால் அது பிடிக்காமல் போகலாம். டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதமான ஹிஸ்டோன் எச்3இல் ஒன்பதாவது லைசினின் மெத்தில் குழுவைத் தேடும் எதிர்ப்பான்கள் பல, பத்தாவது செரினில் பாஸ்பேட் ஏறியதும் பார்வை இழந்துவிடும். மெத்தில் அங்கேயேதான் இருக்கும்; பட்டை மட்டும் மறைந்துபோகும். ஆனாலும் எதிர்ப்பானை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. எந்த இடம் என்று ஏற்கெனவே தெரிந்து, நல்ல எதிர்ப்பானும் கையில் இருந்தால், அன்றாடச் சோதனைக்கு அதுவே வேகமானது.

கரைசல் தயாரிப்பில் சிக்கல் எதுவுமில்லை. 10 மில்லிகிராம் பொடியை முதலில் 0.1 மில்லிலிட்டர் மெத்தனாலில் முழுதாகக் கரைக்க வேண்டும். பிறகு 3.2 மில்லிலிட்டர் தண்ணீர் சேர்த்தால் 5 மில்லிமோலார் இருப்புக் கரைசல் கிடைக்கும். நேரே தண்ணீரில் போட்டால் எண்ணெய்த் துளிபோல ஒட்டிக்கொண்டு கரைய மறுக்கும். கலங்கலாகத் தெரிந்தால் சுழற்றி, மேல் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். வெளிச்சம் இதற்கு ஆகாது. குழாயை அலுமினியத் தாளில் சுற்றி 4 டிகிரியில் வைக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குக் கவலையில்லை. இளஞ்சிவப்பு நிறம் ஏறத் தொடங்கினால் புதிதாகக் கரைப்பதே நல்லது.

8 விழுக்காடு ஜெல் 10 மில்லிலிட்டருக்கு: 30 விழுக்காடு அக்ரிலமைடு 2.67 மில்லிலிட்டர், பிஎச் 8.8 உள்ள 1.5 மோலார் டிரிஸ் 2.5, 10 விழுக்காடு எஸ்டிஎஸ் 0.1, பாஸ்-டேக் இருப்புக் கரைசல் 0.1, 10 மில்லிமோலார் மாங்கனீசு குளோரைடு 0.1, தண்ணீர் 4.47. கடைசியாக, ஜெல்லை இறுகச் செய்ய, 10 விழுக்காடு ஏபிஎஸ் 50 மைக்ரோலிட்டரும் டெமெட் 10 மைக்ரோலிட்டரும். இதில் பாஸ்-டேக் 50 மைக்ரோமோலார், மாங்கனீசு 100 மைக்ரோமோலார். ஒரு மூலக்கூறுக்கு இரண்டு அயனி என்ற 1:2 கணக்கை எந்தச் செறிவிலும் விட்டுவிடக் கூடாது. மாங்கனீசு குறைந்தால் பாதி மூலக்கூறுகள் வெறுமையாக நிற்கும். பட்டைகள் பிரியாமல் மங்கும். மாங்கனீசு கார பஃபரில் நெடுநேரம் நின்றால் ஆக்சிஜனோடு சேர்ந்து பழுப்பாகும் என்பதால், அதைக் கடைசி நேரத்தில் சேர்ப்பது நல்ல பழக்கம். மேலே ஊற்றும் ஸ்டாக்கிங் ஜெல்லில் பாஸ்-டேக்கும் வேண்டாம், மாங்கனீசும் வேண்டாம்.

50 மைக்ரோமோலாரில் தொடங்குங்கள். பட்டைகள் நெருக்கமாக நின்றால் 75, 100 என்று ஏற்றலாம். புரதம் லேனின் மேற்பகுதியிலேயே தேங்கி நின்றால் 20, 25க்கு இறங்க வேண்டும். பாஸ்பேட் இல்லாத புரதங்களும்கூட இந்த ஜெல்லில் சற்று மெதுவாகவே ஓடும். எனவே வழக்கமாகப் 10 விழுக்காடு ஜெல்லில் ஓட்டும் புரதத்துக்கு இங்கே 8 விழுக்காட்டிலிருந்து தொடங்குவதே சரி. 150 கிலோடால்டனைத் தாண்டிய புரதங்களுக்கு 3 விழுக்காடு அக்ரிலமைடோடு 0.5 விழுக்காடு அகரோஸ் கலந்து, பாஸ்-டேக்கை 20 மைக்ரோமோலாருக்குக் குறைத்துச் செய்யும் முறை இருக்கிறது. அந்த ஜெல் தயிர்போலக் குழையும். கையாளப் பொறுமை வேண்டும்; ஆனால் பெரிய புரதங்களுக்கு வேறு நல்ல வழி இல்லை.

இந்தப் பொருளைப் பற்றி வரும் குறைகளில் பெரும்பங்கு ஒரே மூலத்திலிருந்து வருகிறது: ஈடிடிஏ. உலோகத்தைப் பிடித்திழுப்பதுதான் அதன் வேலை. மாதிரியோடு அது ஜெல்லுக்குள் நுழைந்ததும் வழியில் உள்ள மாங்கனீசைப் பறித்துக்கொண்டு ஓடும். அந்த லேனில் பாஸ்-டேக் செயலிழந்துவிடும். பக்கத்து லேன்களும் கோணலாகும். பட்டைகள் புன்னகைபோல வளைந்தோ, ஓரத்தில் வால் நீண்டோ நின்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஈடிடிஏ எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள்: உயிரணுவை உடைக்கும் ரிபா பஃபரில், புரதச்சிதைவுத் தடுப்பு மாத்திரைகளில், கடையில் வாங்கிய மாதிரி பஃபரில், டிரிப்சின் கரைசலில், நிறமேற்றிய அளவுக் குறியீட்டுப் புரதங்களில். கடைசியாகச் சொன்னதைத்தான் பலரும் கவனிக்காமல் விடுகிறார்கள். மாதிரியை முழுக்கச் சுத்தமாகத் தயாரித்துவிட்டு, முதல் லேனில் ஈடிடிஏ கலந்த குறியீட்டை ஏற்றி, இரண்டாம் லேனின் பட்டைகளைக் கெடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. ஈடிடிஏ இல்லாத குறியீட்டுப் புரதம் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் புரதத்தின் எடையை அளக்க அல்ல. ஜெல் எவ்வளவு ஓடியது, எதிர்ப்பானால் பார்ப்பதற்காக மெம்பரேனுக்குப் புரதம் மாறியதா என்று பார்க்க மட்டும். பாஸ்-டேக் ஜெல்லில் பட்டை நிற்கும் உயரத்தை வைத்துக் கிலோடால்டன் சொல்வது தவறு.

பாஸ்பேட்டைக் கழற்றும் நொதிகளைத் தடுக்கச் சேர்க்கும் வனடேட்டும் தொல்லை தரும். பாஸ்பேட் பஃபரில் கழுவிய உயிரணுக்களில் மிஞ்சிய பாஸ்பேட்டும் அதே இடத்துக்குப் போட்டியிடக்கூடியது என்பதால், கடைசிக் கழுவலை டிரிஸ் உப்புக் கரைசலில் செய்வது பாதுகாப்பு. உப்பு மிகுந்த மாதிரிகளும் பட்டையை நெளிய வைக்கும். இவற்றில் எது இருந்தாலும் டிசிஏ (ட்ரைகுளோரோஅசெட்டிக் அமிலம்) கொண்டு புரதத்தை வீழ்படிவாக்கி, குளிர்ந்த அசிட்டோனில் கழுவி, மாதிரி பஃபரில் மீண்டும் கரைப்பதே நிச்சயமான வழி. அமிலம் மிஞ்சினால் மாதிரியின் நீல நிறம் மஞ்சளாகும். அப்போது ஒரு துளி டிரிஸ் காரக் கரைசல் போதும். வெறும் லேன்களை அப்படியே விடாமல் அதே அளவு மாதிரி பஃபரை ஏற்றிவிட வேண்டும். எல்லா லேன்களிலும் ஒரே கனஅளவு, கூடுமானவரை ஒரே புரத அளவு. உயிரணுச் சாறானால் லேனுக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் போதும்; அதற்கு மேல் திணித்தால் பட்டைகள் கரையும்.

ஓட்டும்போது அவசரம் கூடாது. ஒரு சிறிய ஜெல்லுக்கு 20 முதல் 30 மில்லியாம்பியர் நிலையான மின்னோட்டம். தொட்டியைப் பனிக்கட்டியில் வைத்தோ குளிர் அறையிலோ ஓட்டினால் பட்டைகள் கூர்மையாக வரும். வழக்கமான நேரத்தைவிட ஒன்றரை, இரண்டு மடங்கு ஆகும். நீலச் சாயம் அடியைத் தொட்டதும் நிறுத்திவிடாமல், பட்டைகள் இன்னும் விலக வேண்டுமானால் சாயம் வெளியேறிய பிறகும் ஓட்டலாம்.

மெம்பரேனுக்கு மாற்றும் கட்டத்தில் இன்னொரு பொறி காத்திருக்கிறது. இதுவரை எதிரியாக இருந்த ஈடிடிஏ இங்கே தேவை. ஜெல்லில் மாங்கனீசு இருக்கும்வரை பாஸ்பேட் ஏறிய புரதம் வலையை விட்டு வர மறுக்கும். பாஸ்பேட் இல்லாதது எளிதாக வெளியேறும். கழுவாமல் மாற்றினால் மேல் பட்டைகள் மெலிந்தும் கீழ்ப் பட்டை கொழுத்தும் தெரியும். விகிதம் பொய்யாகிவிடும். இந்தப் பொருளை வாங்கியதே விகிதத்துக்காக என்பதால் இது சின்னப் பிழை அல்ல. எனவே ஓடி முடிந்த ஜெல்லை, மெம்பரேனுக்கு மாற்றப் பயன்படுத்தும் பஃபரில் ஈடிடிஏ கலந்து அதில் மெல்ல அசைத்தபடி 10 நிமிடம் வைத்து, பஃபரை மாற்றி, இப்படி இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும். மெல்லிய ஜெல்லுக்கு 1 மில்லிமோலார் ஈடிடிஏ போதும். தடித்த ஜெல்லுக்கும் பாஸ்-டேக் மிகுந்த ஜெல்லுக்கும் 10 மில்லிமோலார். கடைசியாக ஈடிடிஏ இல்லாத பஃபரில் 10 நிமிடம். பிறகு பிவிடிஎஃப் மெம்பரேனில் ஈர முறையில் மாற்ற வேண்டும். அரை ஈர முறை வேகமானது, ஆனால் சீராக வருவதில்லை. மாற்றி முடிந்த ஜெல்லை எறியாமல் கூமாசியில் சாயமேற்றிப் பாருங்கள். லேனின் மேற்பகுதியில் புரதம் தங்கியிருந்தால், அன்றைய விகிதத்தை எழுதி வைக்க வேண்டாம்.

இனி, இது இல்லாமல் எந்த முடிவையும் ஏற்கக் கூடாது என்று நாங்கள் கருதும் ஒரு லேன்: பாஸ்பேட்டைக் கழற்றும் நொதியான பாஸ்படேஸ் இட்ட மாதிரி. மேலே நிற்கும் பட்டை பாஸ்பேட்டால்தான் நிற்கிறது என்பதற்கு வேறு சான்று இல்லை. அமிலத் தன்மை மிகுந்த புரதங்கள் பாஸ்பேட் இல்லாமலேயே இந்த ஜெல்லில் தாமதிக்கும்; வெட்டுப்பட்ட வடிவங்களும் தனிப் பட்டையாக வரும். லாம்டா பாஸ்படேஸ் செரின், த்ரியோனின், டைரோசின் மூன்றிலிருந்தும் பாஸ்பேட்டைக் கழற்றும். 40 மைக்ரோலிட்டர் சாறு, பத்து மடங்கு பஃபர் 5, 10 மில்லிமோலார் மாங்கனீசு குளோரைடு 5, நொதி 1 மைக்ரோலிட்டர் (400 அலகு), 30 டிகிரியில் 30 நிமிடம். இதற்கான சாற்றில் பாஸ்படேஸ் தடுப்பான்களும் ஈடிடிஏவும் இருக்கக் கூடாது. இருந்தால் லாம்டாவும் முடங்கிவிடும். இணை மாதிரியையும் மறக்க வேண்டாம். நொதிக்குப் பதில் தண்ணீரும் தடுப்பானும் இட்டு, அதே 30 டிகிரியில் அதே அரை மணி நேரம் வைக்க வேண்டும். பனியில் வைத்த மாதிரியோடு ஒப்பிட்டால், சாற்றிலேயே உள்ள பாஸ்படேஸ்கள் செய்த வேலையும் லாம்டாவின் கணக்கில் சேர்ந்துவிடும். பாஸ்-டேக் இல்லாத சாதாரண ஜெல்லிலும் இதே மாதிரிகளை ஒருமுறை ஓட்டுங்கள். அங்கே ஒரே பட்டையாகவும் இங்கே பலவாகவும் நின்று, லாம்டா இட்டதும் எல்லாம் கீழே ஒன்றாகச் சேர்ந்தால் ஐயத்துக்கு இடமில்லை.

பட்டைகளை எண்ணிப் பாஸ்பேட்டுகளின் எண்ணிக்கை சொல்ல ஆசை வரும். வேண்டாம். ஒரே ஒரு பாஸ்பேட் இரண்டு வெவ்வேறு இடங்களில் ஏறிய இரண்டு வடிவங்களே தனித்தனி உயரத்தில் நிற்கக்கூடும். எவ்வளவு பின்தங்கும் என்பது எண்ணிக்கையை மட்டுமல்ல, பாஸ்பேட்டின் அக்கம்பக்கத்தையும் பொறுத்தது. எந்தப் பட்டை எந்த இடம் என்று அறிய, ஒவ்வொரு செரினையும் அலனினாக மாற்றிய புரதங்களை வரிசையாக ஓட்டி, எந்த மாற்றத்தில் எந்தப் பட்டை மறைகிறது என்று பார்க்க வேண்டும். பாஸ்பேட்டுக்கு மாற்றாக ஆஸ்பார்டேட் வைத்த வடிவங்கள் இங்கே உதவாது. கார்பாக்சில் குழுவைப் பாஸ்-டேக் பாஸ்பேட்டாக ஏற்பதில்லை. அந்தப் புரதம் கீழேயே ஓடிவிடும்.

பாக்டீரியாவின் இருகூறுச் சமிக்ஞை அமைப்புகளில் பாஸ்பேட் ஹிஸ்டிடினிலும் ஆஸ்பார்டேட்டிலும் ஏறும். இவற்றுக்கு நம்பகமான எதிர்ப்பான் கிடைப்பது கடினம் என்பதால் இந்த ஜெல்லின் அருமை இங்கேதான் முழுதாகத் தெரியும். ஆனால் அந்தப் பிணைப்புகள் மிக மென்மையானவை. மாதிரியைக் கொதிக்க வைத்தால் போச்சு. அமிலம் பட்டாலும் போச்சு, ஆகவே டிசிஏவும் கூடாது. மாதிரி பஃபரில் கலந்த கையோடு சூடாக்காமல் ஏற்றி, 4 டிகிரியில் ஓட்டி முடிக்க வேண்டும். ஒரு லேனில் கொதிக்க வைத்த அதே மாதிரியை ஏற்றுங்கள். மேல் பட்டை அங்கே மறைவதே சான்று.

நொதியின் பக்கம் வருவோம். மனித மரபணுத் தொகுதியில், பாஸ்பேட் ஏற்றும் நொதிகளான கைனேஸ்கள் ஐந்நூறுக்கும் மேல் இருக்கின்றன. 2002இல் வெளியான பட்டியல் 518 என்று எண்ணியது. உங்கள் புரதத்தில் பாஸ்பேட் ஏற்றியது இவற்றில் எது என்ற கேள்விக்கு, சுத்தமான கைனேஸையும் சுத்தமான புரதத்தையும் குழாயில் கலந்து பார்ப்பது முதல் படி. அதற்குப் பாஸ்-டேக் ஜெல் கதிரியக்கம் இல்லாத நல்ல கருவி. பாஸ்பரஸ்-32இன் அரை ஆயுள் 14.3 நாள்தான், வாங்கி வைத்துக் காத்திருக்க முடியாது, கழிவு விதிகளும் கடுமை. இங்கே அந்தச் சுமை இல்லை. 60 மைக்ரோலிட்டர் கலவை தயாரியுங்கள்: பிஎச் 7.5 டிரிஸ் 50 மில்லிமோலார், மக்னீசியம் குளோரைடு 10, டிடிடி (டைதையோத்ரைட்டால்) 1, ஏடிபி 200 மைக்ரோமோலார், புரதம் 6 மைக்ரோகிராம், கைனேஸ் 50 முதல் 100 நானோகிராம். 30 டிகிரியில் வைத்து 0, 5, 15, 30, 60 நிமிடங்களில் 10 மைக்ரோலிட்டர் எடுத்து, 5 மைக்ரோலிட்டர் மும்மடங்கு மாதிரி பஃபரில் நிறுத்துங்கள். கைனேஸ் வினையை ஈடிடிஏ போட்டு நிறுத்தச் சொல்லும் செய்முறைக் குறிப்புகள் ஏராளம். இந்த ஜெல்லுக்கு அந்தப் பழக்கத்தைக் கைவிட வேண்டும், எஸ்டிஎஸ் போதும்.

இப்படி ஓட்டிய ஜெல்லைக் கூமாசியில் சாயமேற்றினாலே கதை தெளிவாகும். முதலில் ஒரு பட்டை எழுகிறது, அது தேயும்போது அதற்கு மேல் இன்னொன்று வளர்கிறது என்றால், பாஸ்பேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசைப்படி ஏறுகின்றன. மணிக்கணக்கில் ஓடியும் 3 விழுக்காடுதான் மேலே ஏறியது என்றால் அந்தக் கைனேஸ் உண்மையான பொறுப்பாளியா என்று ஐயப்பட வேண்டும். குழாய்க்குள் அளவுக்கு மீறிக் கொட்டினால் எந்தக் கைனேஸும் எந்தப் புரதத்திலும் கொஞ்சம் பாஸ்பேட்டை ஒட்டிவிடும். கதிரியக்கப் படத்தில் அந்தக் கொஞ்சமும் கறுப்பாக, நம்பும்படியாகத் தெரியும். விகிதத்தைக் கண்ணெதிரே வைக்கும் ஜெல் அப்படி ஏமாற்றாது. இந்தப் பொருளின் மிகப் பெரிய நன்மை என்று நாங்கள் எண்ணுவது இதைத்தான். கட்டுப்பாட்டு லேன்களாக ஏடிபி இல்லாத கலவை, கைனேஸ் இல்லாத கலவை, ஏடிபியைப் பிடிக்கும் லைசினை மாற்றிச் செயலிழக்கச் செய்த கைனேஸ் ஆகிய மூன்றும் வேண்டும். கைனேஸ் தன்மீதே பாஸ்பேட் ஏற்றிக்கொண்டு மேலே நிற்கும் பட்டையை உங்கள் புரதம் என்று நினைத்துவிடாமல் இருக்க, புரதம் இல்லாத லேனும் ஒன்று.

ஆயிரக்கணக்கான தடுப்பான்களைச் சலிக்க வேண்டிய இடத்தில் ஜெல் சரிப்படாது. அங்கே ஏடிபி-குளோ (ADP-Glo) போன்ற ஒளிச் சோதனைகளே பொருத்தம். 5 மைக்ரோலிட்டர் வினைக்கு 5 மைக்ரோலிட்டர் முதல் வினைப்பொருள்: கைனேஸ் நிற்கும், மிஞ்சிய ஏடிபி அழியும், 40 நிமிடம். பிறகு 10 மைக்ரோலிட்டர் இரண்டாவது: ஏடிபி (ATP) செலவானதால் உருவான அடினோசின் டைபாஸ்பேட் (ADP) மீண்டும் ஏடிபியாகி, லூசிஃபெரேஸ் என்ற நொதியை ஒளிரச் செய்யும். அரை மணி முதல் ஒரு மணி நேரம். வேகத்திலும் உணர்திறனிலும் குறை சொல்ல முடியாது. ஆனால் அது அளப்பது ஏடிபி செலவானதை. உங்கள் புரதத்தில் பாஸ்பேட் ஏறியதை அல்ல. கைனேஸ் தயாரிப்பில் ஒட்டிவந்த, பிற புரதங்கள் மடிய உதவும் சப்பரோன் புரதம் ஏடிபியை உடைத்தாலும் அதே ஒளிதான் வரும். ஆகவே அங்கே தேறியவற்றைப் பாஸ்-டேக் ஜெல்லில் ஒருமுறை உறுதிசெய்வது நல்ல இணைப்பு.

மறைமுகச் சமிக்ஞையை நம்பி ஏமாறுவதற்கு அசெட்டைல் நீக்கும் நொதிகளின் துறையில் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால், அத்தகைய நொதியான சர்ட்1ஐத் தூண்டுகிறது என்ற செய்தி, ஒளிரும் சாயம் ஒட்டிய சிறு பெப்டைடில் கண்டது. 2005லேயே வேறு குழுக்கள் சாயம் இல்லாத பெப்டைடில் அந்தத் தூண்டலைக் காணவில்லை என்று எழுதின. சாயமே விளைவின் ஒரு பகுதியாக இருந்தது. மாற்றம் ஏறிய புரதத்தையே நேரில் பார்க்கும் ஒரு சோதனை கைவசம் இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

அசெட்டைல், மெத்தில், யுபிகுவிடின் மாற்றங்களுக்குப் பாஸ்-டேக்கால் பயனில்லை. அவற்றுக்கு எதிர்ப்பானும் நிறைமாலைமானியும்தான். பாஸ்பேட் ஏறிய இடத்தைத் துல்லியமாக அறியவும் நிறைமாலைமானிதான் வேண்டும். பிரிந்த பட்டையை வெட்டி எடுத்து டிரிப்சினில் செரித்துக் கொடுத்தால், எந்தப் பட்டைக்கு எந்த இடம் என்ற தகவலோடு பதில் வரும். அங்கே ஒரு எச்சரிக்கை: பாஸ்பேட் 79.966 டால்டன், சல்ஃபேட் 79.957. வேறுபாடு 0.01க்கும் குறைவு. டைரோசினில் 80 ஏறியிருக்கிறது என்று மட்டும் அறிக்கை சொன்னால், லாம்டா இட்ட மாதிரியையும் அனுப்பிக் கேளுங்கள்.

புரோ-கியூ டயமண்ட் சாயத்தோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு: அது சாதாரண ஜெல்லில் எல்லாப் பாஸ்போ புரதங்களையும் ஒளிரச் செய்யும். பாஸ்பேட்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 1 முதல் 16 நானோகிராம் வரை தெரியும். சுத்தப்படுத்திய புரதத்துக்கு விரைவான முதல் பார்வையாகச் சரி. உயிரணுச் சாற்றில் ஏராளமாக உள்ள பாஸ்பேட் இல்லாத புரதங்களும் மங்கலாக ஒளிரும் என்பதால், மொத்தப் புரதச் சாயத்தோடு விகிதம் பார்க்காமல் நம்ப முடியாது.

மாங்கனீசா துத்தநாகமா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. மேலே சொன்ன செய்முறை மாங்கனீசுக்கும் டிரிஸ்-கிளைசினுக்கும். துத்தநாக வகை பிஎச் 6.8 பிஸ்-டிரிஸ் ஜெல்லில், டிரிஸும் மாப்ஸும் தலா 100 மில்லிமோலார், எஸ்டிஎஸ் 0.1 விழுக்காடு, சோடியம் பைசல்ஃபைட் 5 மில்லிமோலார் கொண்ட பஃபரில் ஓடும். மாங்கனீசு ஜெல்லில் பிரியாத சில புரதங்கள் இதில் அழகாகப் பிரிகின்றன. நடுநிலை பிஎச்சில் ஜெல்லும் நீண்ட நாள் கெடாமல் இருக்கிறது. முன்கூட்டியே வார்த்து விற்கும் ஜெல்கள் துத்தநாக வகைதான். தொடங்குபவர்களுக்கு அவை நேரத்தை மிச்சப்படுத்தும், வார்ப்பில் வரும் ஏற்றத்தாழ்வையும் நீக்கும். ஆனால் பாஸ்-டேக் செறிவை உங்கள் புரதத்துக்கு ஏற்ப மாற்ற முடியாது. அந்த ஒரு காரணத்துக்காகவே, நீண்ட நாள் வேலைக்குப் பொடியை வாங்குவதையே விரும்புவோம்.

10 மில்லிகிராம் பொடியில் 3.3 மில்லிலிட்டர் இருப்புக் கரைசல் வரும். ஒரு சிறிய ஜெல்லின் பிரிக்கும் பகுதி 6 மில்லிலிட்டர் என்று கொண்டால், 50 மைக்ரோமோலாரில் ஒன்றுக்கு 60 மைக்ரோலிட்டர். ஏறத்தாழ 55 ஜெல்கள். மூன்று மாதத்துக்குள் அத்தனையும் ஓட்டப் போவதில்லை என்றால் சிறிய அளவாக வாங்குங்கள், அல்லது பொடியைப் பிரித்து எடைபோட்டுத் தனித்தனிக் குழாய்களில் இருட்டில் வைத்துத் தேவைக்கு ஏற்பக் கரையுங்கள். புதிதாகக் கரைத்த ஒவ்வொரு முறையும், பாஸ்பேட் ஏறிய பால் புரதமான ஆல்பா கேசினையும், பாஸ்பேட் நீக்கிய ஆல்பா கேசினையும் அடுத்தடுத்த லேன்களில் 1 மைக்ரோகிராம் வீதம் ஓட்டிப் பாருங்கள். இரண்டும் தெளிவாக விலகி நின்றால் கரைசல் நன்றாக இருக்கிறது. நெருங்கி நின்றால் உங்கள் மாதிரியை அதில் வீணாக்க வேண்டாம்.